எதெல்வினாவின் நாற்பத்தொரு தாள்கள்

ஸ்டேடியத்துக்கு மண் வெட்டத் தொடங்கியபோது எதெல்வினா லார்ராயாவுக்கு வயது இருபத்தைந்து. நம் தலைநகர் மொந்தெவிதேயோவின் பழைய நகரில், துறைமுகத்தைப் பார்த்த ஒரு வரைபட அலுவலகத்தில் அவளுக்குப் பிரதி எடுக்கும் வேலை. கட்டடக்கலைஞர்கள் பென்சிலில் போட்டுக் கொடுப்பதை மெழுகுத்துணியில் கறுப்பு மையால் இழுக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தினால் மூன்று நாள் உழைப்பு போச்சு. அவள் சிந்தியதில்லை. அந்த அறையில் இருந்த ஆறு பெண்களில் நடுங்காத கை அவளுடையதுதான் என்று மேலாளர் தொன் லிசாந்த்ரோ எல்லோர் முன்னாலும் சொல்வார். மற்ற ஐந்து பேருக்கும் அது பிடிக்காது.

1930 பிப்ரவரியில் அறைக்கு வந்த படங்கள் எல்லாம் ஒரே கட்டடத்தின் படங்கள். ஜூலை பதினெட்டில் நாட்டின் அரசியல் சட்டத்துக்கு நூறு வயது; அதே மாதம் உலகக் கோப்பை. இரண்டுக்கும் சேர்த்து ஊர் கொள்ளாத கூட்டத்துக்கு ஒரு ஸ்டேடியம், கையில் இருப்பதோ ஐந்து மாதம். பூமியைக் கிண்ணம்போலக் குடைந்து, அந்தச் சரிவின் மேலேயே கீழ்ப்படிகளை வார்த்து, மேல்படிகளைத் தூண்களில் ஏற்றுவது ஏற்பாடு. கேலரிகள் நான்கு. அதில் இரண்டுக்கு, நம் ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஊர்களின் பெயர்: கொலோம்பெஸ், ஆம்ஸ்டர்டாம். ஒலிம்பிக் கேலரியின் நடுவில் ஒரு கோபுரம். அதன் அடி கப்பலின் முகப்பு மாதிரி. பக்கவாட்டில் விமானத்தின் இறக்கைகள்.

"மெதக்கவும் போகுது, பறக்கவும் போகுது. நிக்குமாங்கிறதுதான் தெரியல," என்றாள் அடுத்த மேசைக்காரி.

கோபுரத்தின் தாள்களுக்கு அறையில் போட்டி. எதெல்வினாவுக்குக் கிடைத்தது வடிகால். கிண்ணத்தில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? மைதானத்தைச் சுற்றிய அகழியில் இறங்கி, அங்கிருந்து கேலரிகளுக்கு அடியில் பல குழாய்களாகப் பிரிந்து வெளியே போகும். யாரும் பார்க்கப் போகாத இந்தக் குழாய்களை அவள் ஒரு மாதம் இழுத்தாள். எந்தக் குழாய் எந்தத் தூணிலிருந்து எத்தனை மீட்டர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்கு அது மனதில் படிந்துவிட்டது.

ஏப்ரலில் மழை பிடித்தது. அந்த மழையில் ஒருநாள், அவசரமாகத் திருத்திய ஒரு தாளைக் கட்டுமான இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. எதெல்வினா டிராமில் போனாள். சேறு கணுக்காலுக்கு மேல் இருந்தது. லித்துவேனியாக்காரர்கள், இத்தாலிக்காரர்கள், கலீசியாக்காரர்கள், உள்நாட்டு மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் என்று ஆயிரம் பேர் மூன்று ஷிஃப்டில் அந்தப் பள்ளத்தில் ஊறிக்கொண்டிருந்தார்கள். ஆம்ஸ்டர்டாம் கேலரிக்கு மேஸ்திரி கசிமிரோ வேய்கா. ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து வந்து இருபது வருடம் ஆனவர். சென்ட்ரிங் தச்சராக இருந்து மேஸ்திரி ஆனவர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அம்மணி, இது போன வாரத்து ஸ்டேடியம்."

"என்ன சொல்றீங்க?"

"இங்க வாங்க. உங்க படத்துல இந்தக் குழாய் எங்க போகுது?"

"எட்டாம் தூணுக்குக் கெழக்கே ரெண்டு மீட்டர்."

"எட்டாம் தூணுக்குக் கெழக்கே ரெண்டு மீட்டர்ல என்ன இருக்குன்னு பாருங்க."

பாறை இருந்தது. குழாய் அதை விட்டு விலகி மேற்கே போயிருந்தது. மழை மண்ணைச் சரிக்கும் இடத்தில் அஸ்திவாரம் ஆழமாகியிருந்தது. பாறை தட்டிய இடத்தில் மேலே ஏறியிருந்தது. தவறு என்று எதையும் சொல்ல முடியாது. அவசரத்தில் எப்படிக் கட்ட முடியுமோ அப்படிக் கட்டினார்கள், அவ்வளவுதான். ஆனால் அவள் மையில் இழுத்த ஸ்டேடியம் ஒன்று, அங்கே எழும்பிக்கொண்டிருந்த ஸ்டேடியம் வேறொன்று.  மறுநாள் தொன் லிசாந்த்ரோவிடம் போய் நின்றாள்.

"கட்டினது என்னவோ அதையும் வரையணும் சார்."

"கட்டினதை எதுக்கும்மா வரையணும்? அதான் கண்ணு முன்னால நிக்கப் போகுதே."

"குழாய் கண்ணு முன்னால நிக்காது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனி, ஞாயிறு உன் சொந்த நேரம். அதுல நீ என்ன பண்ணினாலும் நான் கேக்க மாட்டேன். துணியும் மையும் மட்டும் இங்கேருந்து எடுத்துக்கோ."

அப்படித்தான் அந்த நாற்பத்தொரு தாள்கள் தொடங்கின. சனிக்கிழமை மதியம் டேப்பும் தூக்குக் குண்டும் நோட்டுமாக அவள் பள்ளத்தில் இறங்குவாள். முதல் வாரம் ஆட்கள் சீட்டி அடித்தார்கள். இரண்டாம் வாரம் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் வாரம், அவள் அளக்கும்வரை கான்கிரீட் கொட்டாமல் ஆட்களைக் கசிமிரோ காத்திருக்க வைத்தார்.

"சீக்கிரம் ஆகட்டும் அம்மணி! கலவை இறுகிடுச்சுன்னா அப்புறம் உங்களையும் சேர்த்து வார்த்துடுவேன்."

"வார்த்துடுங்க. அதையும் படத்துல போட்டுடறேன்."

மழை வலுக்கும்போது தகரக் கொட்டகைக்குள் ஒதுங்குவார்கள். யாராவது மாவைத் தட்டி மாட்டுக்கொழுப்பில் தோர்த்தா பொரிப்பார்கள். மத்தே என்னும் கசப்பு இலைத் தேநீர்க் குடுவை கைமாறும். கசிமிரோ அதிகம் பேச மாட்டார். ஊரில் மனைவி இருந்தாள், இரண்டு பெண்கள் இருந்தார்கள், மாதம் ஒரு கடிதம் போட்டார். எதெல்வினா தாள்களைக் காட்டும்போது மட்டும் கைகளைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்குவார். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு ஏதாவது இருந்ததா என்று பிற்காலத்தில் தங்கை கேட்டபோது, "தோர்த்தா இருந்தது," என்றாள் எதெல்வினா.

மே மாதம் அவளுடைய அப்பா இறந்துபோனார். அடக்கம், அழுகை, வந்தவர்களுக்குக் காப்பி என்று பத்து நாள் அவள் ஸ்டேடியத்துப் பக்கம் போகவில்லை. திரும்பி வந்தபோது ஆம்ஸ்டர்டாம் கேலரியின் பின்புறம், பதினொன்றாம் தூணுக்கும் பதினான்காம் தூணுக்கும் இடையே தரை மூடப்பட்டு, மேலே கான்கிரீட் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே போன குழாயை அவள் பார்க்கவில்லை.

"நேராத்தான் போகுது," என்றார் கசிமிரோ. "உங்க பழைய படத்துல இருக்கிற மாதிரியே."

"பாறை இல்லையா?"

"இருந்தா சொல்ல மாட்டனா? நேராத்தான்மா."

அந்த வாரம் அவர் 'அம்மணி' என்று சொல்லவில்லை. 'அம்மா' என்றுதான் பேசினார். அப்பாவை இழந்தவளிடம் கேலி வேண்டாம் என்று நினைத்திருப்பார். எதெல்வினா நோட்டைத் திறந்து நேர்க்கோடு போட்டுக்கொண்டாள். வீட்டில் அதை மையில் இழுத்தாள். தாளின் மூலையில், மற்றத் தாள்களில் போட்டதுபோலவே, தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் போட்டாள்.

ஜூலை பதின்மூன்றில் உலகக் கோப்பை தொடங்கியபோது ஸ்டேடியம் தயாராகவில்லை. முதல் ஆட்டங்கள் சின்ன மைதானங்களில் நடந்தன. பதினெட்டாம் தேதி கதவு திறந்தார்கள். தொன் லிசாந்த்ரோ அலுவலகத்துக்கு வந்த சீட்டுகளில் ஒன்றை அவளுக்குக் கொடுத்தார். கான்கிரீட் இன்னும் ஈரமாக இருந்தது. உட்கார்ந்தவர்களின் கோட்டுக்குப் பின்னால் சாம்பல் நிறம் ஒட்டியது. அத்தனை பேர் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பதை அவள் அதுவரை பார்த்ததில்லை. பெருவுக்கு எதிராக நம் ஆட்கள் ஒரு கோல் போட்டபோது காலுக்கு அடியில் படி அதிர்ந்தது. அவள் குனிந்து படியைத்தான் பார்த்தாள். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெரியவர் அவளைக் கட்டிப்பிடித்து, தொப்பியைப் பறிகொடுத்து, "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று கத்தினார். "பாத்தேன்," என்றாள். விரிசல் எதுவும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் அர்ஜென்டினாவை வென்று கோப்பையை வைத்துக்கொண்டோம். மறுநாள் ஊருக்கே விடுமுறை. அதற்கு அடுத்த நாள் எதெல்வினா நாற்பத்தொரு தாள்களையும் ஒரு தகரக் குழலில் சுருட்டி ஆவண அறையில் வைத்தாள். யாரும் கேட்கவில்லை.

அதன்பின் இருபத்தைந்து வருடம் போனது. ஒரு மருந்துக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஏழாவது வருடம், காரணம் சொல்லாமலே பெண் கேட்டால் விவாகரத்து தரும் நம் சட்டத்தைப் பயன்படுத்தி விலகினாள். குழந்தை இல்லை. லா உனியோன் பகுதியில் தங்கையோடு குடியேறினாள். கசிமிரோ 1941-ல் நுரையீரல் நோயில் இறந்தார்; அடக்கத்துக்கு எட்டுப் பேர் போனதில் அவள் ஒருத்தி. அலுவலகத்தில் ஆவண அறைக்கே அவள் பொறுப்பாளர் ஆனாள். தலை நரைத்தது. 1950-ல் நம் ஆட்கள் ரியோவில் பிரேசிலை வென்று மறுபடி கோப்பை வாங்கிய அன்று தெருவே கூச்சலில் நிரம்பியபோது, ஜன்னலைத் திறந்து தங்கையோடு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தாள்.

ஐம்பதுகளின் நடுவில் கேலரிகளுக்குப் பின்னால் இன்னும் படிகளை ஏற்றி இடத்தைக் கூட்டத் திட்டம் போட்டார்கள். அதற்குப் புதிய தூண்கள் வேண்டும்; தூண்களுக்குக் குழிகள் வேண்டும். அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இபார்புரு என்ற இளம் பொறியாளர் ஆவண அறைக்கு வந்து, மூலப் படங்களை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தலையைச் சொறிந்தார். மாலையில் எதெல்வினா தகரக் குழலை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

முதல் நான்கு தாள்களைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். "இத்தனை வருஷமா இது எங்க இருந்துச்சு?"

"அந்த அலமாரில. மேல் தட்டு."

"யாரும் சொல்லலையே!"

"யாரும் கேக்கலையே."

ஒரு மாதத்துக்கு அலுவலகம் முழுக்க அவள் பேச்சுதான். கொலோம்பெஸ் பக்கம் தோண்டிய பதினாறு குழிகளில் ஒன்றுகூட எதிலும் இடிக்கவில்லை. தாளில் எங்கே பாறை என்றிருந்ததோ அங்கே பாறை. எங்கே குழாயோ அங்கே குழாய். இபார்புரு கேக் வாங்கி வந்தார்.

ஆம்ஸ்டர்டாம் பக்கம் தோண்டத் தொடங்கிய இரண்டாம் வாரம், மூன்று நாள் மழைக்குப் பிறகு ஒரு காலை, பன்னிரண்டாம் தூணுக்குப் பின்னால் இருந்த குழியில் கடப்பாரை எதிலோ பட்டது. பழைய குழாய். மழைநீர் நிறைந்து நின்ற அது உடைந்து பீறிட்டது. குழியின் ஒரு பக்கச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. மூன்று பேர் ஏறித் தப்பினார்கள். நான்காவது ஆள், அந்தக் குழுவின் தலைவன் மில்டன் தெச்சேரா, இடுப்புவரை சேற்றில் புதைந்தான். இழுத்து வெளியே போட்டபோது வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

ஒப்பந்தக்காரர்கள் மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்: வரைபடத்தில் குழாய் மூன்று மீட்டர் தள்ளியிருக்கிறது, தெச்சேரா குழியைத் தப்பான இடத்தில் குறித்துவிட்டான், குடித்திருந்தானோ என்னவோ. அப்படியானால் அவனுக்கு வேலையும் கிடையாது, நஷ்டஈடும் கிடையாது. கடிதத்தின் நகல் கோப்பில் சேர்க்க எதெல்வினாவின் மேசைக்கு வந்தது. படித்தாள். தொப்பியை மாட்டிக்கொண்டு, அந்த இடத்துக்கான முப்பதாம் நம்பர் தாளையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு டிராம் ஏறினாள்.

குழியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். தூணிலிருந்து அளந்தாள். இன்னொரு முறை அளந்தாள். குழி இருக்க வேண்டிய இடத்தில்தான், ஒரு விரல் பிசகாமல் இருந்தது. குழாய்தான் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு, முழங்கை மடிந்த மாதிரி வளைந்து போயிருந்தது. பதினொன்றிலிருந்து பதினான்குவரை. அப்பா இறந்த வாரம். அவள் குழி ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். காவலாளி வந்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டான். இல்லை என்றாள்.

இபார்புரு அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாப்பத்தொரு தாள்ல ஒரு கோடு. அதுவும் இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால, யாரும் சொல்லாம நீங்களே பண்ணின வேலை. இதுக்குப் போய் உங்க மேலே யாராவது பழி போடுவாங்களா?"

"என் மேலே யாரும் போடல. அந்த ஆளு மேலே போட்டிருக்காங்க."

"நீங்க எழுதிக் குடுத்தா மத்த நாப்பது தாளையும் இனிமே நம்ப மாட்டாங்க. வேலையே நின்னுடும். அதை யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். நம்பக்கூடாதுதான்."

"என்னம்மா இது!"

"இந்த எடத்தை நான் பாக்கல தம்பி. ஒருத்தர் சொன்னாரு, போட்டுட்டேன். பாத்ததையும் கேட்டதையும் ஒரே கோடா போட்டுட்டேன். வேற எங்கெல்லாம் அப்படிப் போட்டேன்னு எனக்கே இப்ப ஞாபகம் இல்ல."

இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கசிமிரோவின் பெயரை எழுதவில்லை. 'நேரில் பார்க்காமல் நான் வரைந்தது' என்று மட்டும் எழுதினாள். அவர் பொய் சொன்னாரா, வேறு ஷிஃப்டில் யாரோ சொன்னதை நம்பிச் சொன்னாரா, துக்கத்தில் வந்தவளை இன்னொரு முறை சேற்றில் இறங்க விட வேண்டாம் என்று நினைத்தாரா என்பதை அவள் பல நாள் புரட்டிப் பார்த்தாள். பிடிபடவில்லை. அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்தால், கைகளைச் சட்டையில் துடைத்துக்கொள்வதுதான் வந்தது.

ஒப்பந்தக்காரர்கள் கடிதத்தைத் திரும்பப் பெற்றார்கள். தெச்சேராவுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. எதெல்வினாவின் பணிக்கோப்பில் ஒரு கண்டனக் குறிப்பு ஏறியது. அந்தக் கோப்பையும் அலமாரியில் வரிசைப்படி அவளேதான் வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் செர்ரோவுக்குப் பஸ் பிடித்துப் போனாள். மில்டன் தெச்சேராவின் வீடு தகரமும் செங்கல்லும் கலந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு வாசலில் மத்தே உறிஞ்சிக்கொண்டிருந்தான். வயது முப்பதுக்குள் இருக்கும். அவள் யார் என்று சொன்னாள். அவன் குடுவையைக் கீழே வைத்தான்.

"அந்தக் கோடு போட்ட அம்மா நீங்கதானா?"

"நான்தான்."

"எனக்குக் கால் ரெண்டு எடத்துல ஒடைஞ்சிருக்கு. உங்க கோடு ஒரு எடத்துலதான் கோணல்."

"கோணலா இருந்திருந்தா சரியா இருந்திருக்கும். நேரா போட்டதுதான் தப்பு."

அவன் முறைத்தான். பிறகு அவனை அறியாமல் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "யாரோ சொல்லித்தான் போட்டீங்களாமே. பொறியாளர் சொன்னாரு. யாரு அது?"

"ஒரு மேஸ்திரி. செத்துப்போயிட்டாரு."

"அப்ப அவரு தலையிலேயே கட்டியிருக்கலாமே. செத்தவன் வந்து இல்லேன்னு சொல்லப் போறானா?"

"அதனாலதான் கட்டல."

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்து ஒரு ஸ்டூலைப் போட்டாள். எதெல்வினா உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வந்தவள் அதைக் கேட்டாள். 

"குடிச்சிருந்தேன்னு எழுதினானுங்க," என்றான். "அதுதாம்மா எனக்கு. கால் கூட அப்புறம்தான். என் மாமியார் படிச்சுட்டா அதை."

"அது பொய்யின்னு மாமியாருக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்சுடுச்சு. ஆனா ஒத்துக்க மாட்டேங்கறா."

அவன் மனைவி சிரித்தாள். மத்தே குடுவையில் வெந்நீர் ஊற்றி எதெல்வினாவிடம் நீட்டினாள். கசப்பாக, கொதிக்கக் கொதிக்க இருந்தது. குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய நோட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாற்பத்தொரு தாள்களையும் மறுபடி பார்த்தாள். நோட்டில் அளவு எண்கள் இருந்த இடம் அவள் நேரில் அளந்தது. எண் இல்லாமல் கோடு மட்டும் இருந்த இடம் சொல்லக் கேட்டது. அப்படிப் பதினேழு இடங்கள் தேறின. அவற்றைச் சுரண்டி எடுத்துவிட்டு, சிவப்பு மையில் இடைவெளி விட்டு விட்டுக் கோடு போட்டாள். இபார்புரு முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆள் வைத்து, எட்டக்கூடிய பதினோரு இடங்களைத் தோண்டித் திறந்து பார்த்தார். ஒன்பது, தாளில் இருந்தபடியே இருந்தன. இரண்டு இல்லை. அந்த இரண்டில் ஒன்றின் மேல் ஒரு தூண் வரவிருந்தது. அதை நகர்த்திப் போட்டார்கள். மீதி ஆறு இடங்கள் கேலரிக்கு நேர் அடியில் இருந்தன. அவற்றைத் திறக்க வழியில்லை. அவை சிவப்பாகவே இருந்துவிட்டன.

1962-ல் அவள் ஓய்வு பெற்றாள். மில்டன் தெச்சேராவுக்குக் கால் கூடியது, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தான். ஸ்டேடியத்தில் ஆம்ஸ்டர்டாம் வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. வருடப்பிறப்புக்கு வாழ்த்துச் சொல்ல வந்தவன் தங்கையின் மரவள்ளிப் பொரியலைத் தின்றுவிட்டுச் சொன்னான்:

"ஒருநாள் மேட்ச் பாக்க வாங்களேன். உங்களை விடாம நான் வேற யாரை உள்ள விடப் போறேன்?"

நான்கு முறை போனாள். நான்காவது முறை, மே மாதக் காற்றில் மேல்படியில் உட்கார்ந்து, பெனரோல் அணி ஒரு பெனால்டியைத் தவறவிட்டதைப் பார்த்தாள். இவ்வளவு பக்கத்தில் நின்று அடித்தும் வெளியே போகிறதே என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். ஐந்தாவது முறை போகவில்லை. உடம்புக்கு என்னவோ என்று மில்டன் விசாரிக்கப் போனான்.

"ஒண்ணும் இல்லப்பா. அங்க ஒரே குளிரு. ரேடியோவுல நல்லாவே கேக்குது."

"ரேடியோவுல அவன் சொல்றதை நம்பறீங்களா?"

"பாதி," என்றாள் எதெல்வினா. அவனுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது.